காற்றுக்கு வைத்த பெயர்

ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் ‘கரோனரி ஆர்ட்டரி’ என்று பார்த்தால் நமக்கு ரத்தமும் அடைப்பும்தான் ஞாபகத்துக்கு வரும். ஹிப்போக்கிரட்டீஸ் காலத்துக் கிரேக்க வைத்தியரிடம் ‘ஆர்ட்டீரியா’ எங்கே என்று கேட்டிருந்தால், தொண்டையைத் தொட்டுக் காட்டியிருப்பார். அன்று அது மூச்சுக்குழாயின் பெயர்.

அந்தப் பெயர் ரத்தக்குழாயான தமனிக்கும் வந்ததற்குக் காரணம், செத்த உடலை அறுத்துப் பார்த்ததுதான். இதயம் நின்றதும் தமனியின் தடித்த தசைச்சுவர் சுருங்கி, உள்ளே இருக்கும் ரத்தத்தில் பெரும்பகுதியைச் சிரைப் பக்கம் தள்ளிவிடும். அறுத்தால் சிரை துவண்டு ரத்தம் கசியும். தமனியோ வாய் திறந்தபடி, வட்டம் கலையாமல், கிட்டத்தட்டக் காலியாக நிற்கும். காலிக் குழாயில் காற்றுதானே ஓடியிருக்கும்? தமனியையும் சிரையையும் முதலில் தெளிவாகப் பிரித்துச் சொன்ன கிரேக்க மருத்துவர் பிராக்சகோரஸ், தமனியில் ஓடுவது ‘நியூமா’ என்னும் உயிர்க்காற்று என்றார்.

அப்படியானால் உயிருள்ளவரின் தமனியை வெட்டினால் ரத்தம் பீறிடுகிறதே? இதற்கு கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் எரசிஸ்ட்ராட்டஸ் என்ற கிரேக்க மருத்துவர் சொன்ன பதில் சாமர்த்தியமானது. வெட்டியதும் காற்று கண்ணுக்குத் தெரியாமல் வெளியேறிவிடும்; உண்டாகும் வெற்றிடத்தை நிரப்ப, பக்கத்துச் சிரைகளிலிருந்து நுண்ணிய இணைப்புகள் வழியே ரத்தம் பாய்ந்து வரும். முடிவு தப்புதான். ஆனால் நுண்ணிய இணைப்புகள் நிஜம்! 1661-இல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி, தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளைத் தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கியில் கண்டார். என்ன, ரத்தம் ஓடும் திசைதான் நேர் எதிர்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் காலன் (Galen) என்ற கிரேக்க மருத்துவர் வாதத்தோடு நிற்காமல் கத்தியை எடுத்தார். உயிருள்ள விலங்கின் தமனியை இரண்டு இடங்களில் நூலால் இறுக்கிக் கட்டி, நடுவே கீறினார். உள்ளே இருந்தது ரத்தம். அவரும் நியூமாவை அடியோடு கைவிடவில்லை. ரத்தத்தோடு அதுவும் கலந்து ஓடுகிறது என்றார். ரத்தம் உடலைச் சுற்றி வருகிறது என்று ஆங்கில மருத்துவர் ஹார்வி எழுதியது 1628-இல்.

கொள்கை போனாலும் பெயர் போகவில்லை. இரண்டு குழாய்க்கும் ஒரே பெயர் என்றால் குழப்பம்தானே? அதனால் மூச்சுக்குழாயைச் ‘சொரசொரப்பான ஆர்ட்டீரியா’ என்றார்கள். குரல்வளைக்குக் கீழே விரலால் மெல்ல வருடினால், குருத்தெலும்பு வளையங்கள் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும், அந்தச் சொரசொரப்புதான். கிரேக்கத்தில் அந்த அடைமொழி ‘ட்ரக்கேயா’. நாளடைவில் ஆர்ட்டீரியா தமனிக்கே சொந்தமாகிவிட, மூச்சுக்குழாய்க்கு அடைமொழி மட்டும் மிஞ்சியது. மருத்துவ மாணவர்கள் இன்று ‘ட்ரக்கியா’ என்று படிப்பது அதைத்தான்.