ஒலியும் எழுத்தும்

சென்னைக் கடற்கரையிலிருந்து தெற்கே செல்லும் மின்சார இரயில் வண்டி, பல்லாவரத்தையும் குரோம்பேட்டையையும் கடந்து தாம்பரத்தை அடைகிறது. நிலையங்களின் பெயர்ப் பலகைகளை உற்று நோக்குவோர்க்கு ஒரு புதுமை விளங்கும். பல்லாவரம் என்னும் பெயரின் முதலிலும், தாம்பரம் என்னும் பெயரின் இடையிலும் உள்ளது பகரமே. ஆயினும், அது முன்னதில் வலிந்து ஒலிக்கிறது. பின்னதில் மகர மெய்யை அடுத்து நிற்றலால் மெலிந்து ஒலிக்கிறது. கண் காண்பது ஓர் உருவம். காது கேட்பதோ ஈரொலி. இவ்விரண்டையும் மனம் நொடியில் இணைத்துவிடுவதால், படிப்போர் இதனை உணர்வதில்லை.

இவ்விணைப்பு எல்லாச் சிறார்க்கும் எளிதில் அமைவதன்று. சிலர் கூரிய அறிவுடையராயிருந்தும், எழுத்துக் கூட்டிப் படிக்க இடர்ப்படுவர். கேட்ட கதையை முறைப்படக் கூற இயலாது தடுமாறுவர். இவர்களைச் சோம்பர் என்றும் மந்தர் என்றும் இகழ்தல் பெருந்தவறு. இகழப்பட்ட குழந்தை முதலில் நூலை வெறுக்கும். பின்னர்ப் பள்ளியையே வெறுக்கும். இக்குறையின் வேரைப் பேச்சிலே தேடிக் கண்டு, உரிய பயிற்சி அளிப்பவரே பேச்சு மொழி வல்லுநர் ஆவர்.

அவர் முதற்கண் குழந்தையின் செவிப்புலன் செவ்விதாக உள்ளதா என்பதை அறிந்துகொள்வார். பின்னர், சொல்லை ஒலிகளாகப் பகுக்கப் பழக்குவார். பல்-லா-வ-ரம் என்று கைதட்டிக்கொண்டே குழந்தை சொல்லும். 'பட்டம்' என்பதன் முதலெழுத்தை மாற்றி, 'வட்டம்', 'கட்டம்' எனப் புதுச்சொற்கள் ஆக்கும். ஒலி தெளிந்தபின், அதற்குரிய எழுத்து காட்டப்படும். 'மழை' என்பதை 'மளை' என எழுதும் பிழை பலரிடம் உண்டு. அது பெரும்பாலும் நாவிலிருந்து கைக்கு இறங்கிய பிழையே. ளகரத்திற்கு நாநுனி வளைந்து அண்ணத்தில் ஒட்டும். ழகரத்திற்கு ஒட்டாது நெருங்கி நிற்கும். இதனை நா அறிந்தால், கையும் அறியும். வீட்டில் 'வந்தாங்க' எனக் கேட்கும் குழந்தை, நூலில் 'வந்தார்கள்' எனக் காண்கிறது. ஆதலின், படத்தைப் பார்த்துக் கதையைத் தன் பேச்சில் சொல்லச் செய்து, பின்னர் அதனையே எழுத்து நடையில் எழுதச் செய்வார்.

இவ்வுண்மை தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என ஓர் இயல் வகுத்து, ஒலிகள் பிறக்கும் முறையை விளக்கினார். எழுத்து என்னும் சொல்லே இலக்கணத்தில் ஒலிவடிவம், வரிவடிவம் இரண்டையும் குறிப்பதன்றோ!

சென்னையின் தென்பகுதியில் இத்தகைய பணிக்கு நிலையங்கள் உள்ளன. அடையாற்றில் 1969-இல் தோன்றிய பால வித்யாலயா, செவித்திறன் குன்றிய இளங்குழந்தைகட்குப் பேச்சும் மொழியும் பயிற்றுகிறது. முட்டுக்காட்டில் 2005-இல் அமைக்கப்பெற்ற, பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனத்திலும் பேச்சுப் பயிற்சி அளிக்கப்படுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பேச்சு மொழிக் குறைபாட்டையும் கற்றல் குறைபாட்டையும் தான் வகுத்த 21 குறைபாடுகளுள் சேர்த்துள்ளது.

எனினும், வல்லுநரின் உழைப்பு மட்டும் போதாது. பெற்றோரின் பொறுமையும் ஆசிரியரின் பரிவும் அதனோடு சேர்தல் வேண்டும். வகுப்பில் ஒருவன் தட்டுத்தடுமாறிப் படிக்கும்போது, நகையாது செவி கொடுத்துக் கேட்டலே உடன் பயிலும் மாணவர் செய்யத்தக்க உதவி. அவ்வமைதியில் துணிவு பெறும் நா, நாளடைவில் நூலையும் தன்வயமாக்கிக் கொள்ளும்.