வண்டி கிளம்பவில்லையா? பேட்டரியா, ஆல்டர்னேட்டரா?

அது டெல்லி நகரம். ஜனவரி மாதம். அதிகாலை நான்கு மணி. எங்கும் பனிமூட்டம்.

வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் ரயில் நிலையச் சவாரிக்குப் புறப்பட்டார். சாவியைத் திருப்பினார். ‘டக், டக்’ என்ற சத்தம் மட்டும் வந்தது. கார் கிளம்பவில்லை. சவாரி போயிற்று. அன்றைய வருமானமும் போயிற்று.

“பேட்டரி போய்விட்டது” என்றார்கள் பக்கத்தில் இருந்தவர்கள். அவர் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புதிய பேட்டரி வாங்கினார். கார் உடனே கிளம்பியது. மூன்றாம் நாள் காலை மறுபடியும் அதே ‘டக், டக்’.

புதிய பேட்டரிக்கு என்ன ஆயிற்று?

தொட்டியும் மோட்டாரும்

வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மோட்டார் அதை நிரப்புகிறது. குழாயில் தண்ணீர் வரவில்லை. தொட்டி ஓட்டையாக இருக்கலாம். அல்லது மோட்டார் ஓடாமல் இருக்கலாம். மோட்டார் ஓடவில்லை என்றால், புதிய தொட்டி வைத்து என்ன பயன்?

காரில் பேட்டரிதான் தொட்டி. அது மின்சாரத்தைச் சேமித்து வைக்கிறது. ஆல்டர்னேட்டர்தான் மோட்டார். என்ஜின் ஓடும்போது ஒரு பெல்ட் அதைச் சுழற்றுகிறது. அது மின்சாரம் தயாரிக்கிறது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது. பழைய கார்களில் இதே வேலையை டைனமோ செய்தது. அதனால் பலர் இன்றும் ஆல்டர்னேட்டரை டைனமோ என்றே சொல்கிறார்கள்.

முதலில் காது கொடுங்கள்

சாவியைத் திருப்பும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

‘டக், டக்’ என்ற சத்தம் வருகிறது, விளக்குகளும் மங்குகின்றன. அப்படியானால் பேட்டரியில் சார்ஜ் குறைவு. அல்லது அதன் முனைகளில் இணைப்பு சரியில்லை.

ஹெட்லைட் நன்றாக எரிகிறது, ஹாரன் நன்றாக ஒலிக்கிறது, ஆனால் ஒரே ஒரு ‘டக்’ சத்தம். அப்படியானால் செல்ஃப் மோட்டாரைப் பார்க்க வேண்டும்.

செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை. இது பெரும்பாலும் பேட்டரியின் குறை அல்ல. எரிபொருள் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து முனைகளைப் பாருங்கள். வெள்ளை அல்லது பச்சைப் பொடி படிந்திருக்கிறதா? இணைப்பு தளர்ந்திருக்கிறதா? சில சமயம் சுத்தம் செய்து முடுக்கினாலே போதும். கழற்றும்போது கழித்தல் குறி (−) உள்ள வயரை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள்.

எண்கள் சொல்லும் உண்மை

மல்டிமீட்டர் என்ற சிறிய கருவி மின் கடைகளில் கிடைக்கும். அதை டி.சி. வோல்ட் அளவில் வையுங்கள். சிவப்பு முனையைக் கூட்டல் குறியிலும் (+) கருப்பு முனையைக் கழித்தல் குறியிலும் (−) தொடுங்கள். எண்ணைப் படியுங்கள்.

வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு:
12.6 வோல்ட் – பேட்டரி நிறைந்திருக்கிறது.
12.2 வோல்ட் – ஏறத்தாழப் பாதி.
12 வோல்ட்டுக்குக் கீழே – ஏறத்தாழக் காலி.

என்ஜின் ஓடும்போது:
13.8 முதல் 14.5 வோல்ட் வரை – ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது.
13 வோல்ட்டுக்குக் கீழே – சார்ஜ் சரியாக ஏறவில்லை.
15 வோல்ட்டுக்கு மேலே – அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறுகிறது. இதுவும் கெடுதல்.

சார்ஜ் சரியாக ஏறுகிறது. இரவில் எந்த விளக்கும் எரியவில்லை. ஆனாலும் காலையில் வண்டி கிளம்பவில்லை. அப்போதுதான் பேட்டரி மீது சந்தேகப்பட வேண்டும். குளிர் காலத்தில் பேட்டரியின் வலு குறையும். என்ஜின் எண்ணெயும் கெட்டியாகும். ஆகவே பலவீனமான பேட்டரி பனிக்காலத்தில்தான் காலை வாரும்.

மெக்கானிக் கண்டது என்ன?

டெல்லியில் மெக்கானிக்கை ‘உஸ்தாத்’ என்று அழைப்பார்கள். வயதான உஸ்தாத் ஒருவர் வந்தார். வேறொரு காரின் பேட்டரியிலிருந்து வயர் கொடுத்துக் காரைக் கிளப்பினார். மீட்டரை வைத்தார். என்ஜின் ஓடியது. ஆனால் மீட்டர் 12.3 காட்டியது.

“பேட்டா, ஓடும்போது சிவப்பு விளக்கு எரிந்ததா?” என்று கேட்டார்.

“ஆமாம், உஸ்தாத்ஜி. அவ்வப்போது எரிந்து அணைந்தது. கிளப்பும்போது கீச் என்ற சத்தமும் வந்தது.”

உஸ்தாத் என்ஜினை நிறுத்தினார். பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். அது தளர்ந்து தேய்ந்திருந்தது. பெல்ட் வழுக்கியது. ஆல்டர்னேட்டர் சரியாகச் சுழலவில்லை. புதிய பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிவிட்டது.

பெல்ட் மாற்றினார்கள். மீட்டர் 14.1 காட்டியது. பெல்ட்டின் விலை பேட்டரி விலையில் ஒரு சிறு பங்குதான். பழைய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிச் சோதித்திருந்தால், புதியது தேவைப்படாமலே போயிருக்கலாம். ஆனால் அதை அவர் கடையில் கொடுத்துவிட்டார்.

எச்சரிக்கை

• என்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்காதீர்கள். மின்சாரம் திடீரென எகிறும். காரின் மின்னணுப் பாகங்கள் கெட்டுவிடும்.
• பேட்டரி அருகே பீடி, தீக்குச்சி கூடாது. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பிடித்து வெடிக்கும்.
• உள்ளே இருப்பது கந்தக அமிலம். கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மருத்துவரிடம் செல்லுங்கள்.
• பழைய பேட்டரியை வீட்டில் உடைக்காதீர்கள். அதில் உள்ள ஈயம் நஞ்சு. குழந்தைகளை மிகவும் பாதிக்கும். கடையில் திருப்பிக் கொடுங்கள்.
• உத்தரவாத அட்டையைப் பத்திரமாக வையுங்கள். வாங்கிய தேதியை எழுதி வாங்குங்கள். படித்துப் பாருங்கள்.

பேசிப் பாருங்கள்

1. ஓட்டுநர் எந்த இரண்டு அறிகுறிகளைக் கவனிக்காமல் விட்டார்?
2. என்ஜின் ஓடும்போது மீட்டர் 12.4 காட்டுகிறது. குறை எங்கே இருக்கலாம்?
3. பிறர் சொன்னதை நம்பிச் செலவு செய்து, பிறகு வருந்தியது உண்டா? முதலில் எதைச் சோதித்திருக்கலாம்?