ஒத்தும் தாளமும்: பெரிய மேளத்தில் தனித்திறன் பற்றி

தனித்திறன் என்று நாம் எதைச் சொல்கிறோம்? பெரிய மேளம் குறித்துத் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே இருக்கின்றன. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில், திருவீழிமிழலை சகோதரர்கள், காருகுறிச்சி அருணாசலம் என்று பெயர்கள் வரிசையாக வந்துவிடும். மேதைகள்தாம், சந்தேகமில்லை. ஆனால் மேளம் என்பது ஒரு செட்டு. இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு ஒத்து, ஒரு தாளம். இந்த ஆறு பேரில் கடைசி இரண்டு பேருக்கு வரலாற்றில் பெயரே கிடையாது. அது எப்படி நேர்ந்தது என்பதுதான் என் கேள்வி.

காவிரியிலிருந்து குடமுருட்டி பிரிகிற திருக்காட்டுப்பள்ளியில் வளர்ந்தவனுக்கு மேளம் என்றால் முதலில் தெரு, மேடையெல்லாம் அப்புறம். சாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி. அதற்குச் சாகித்தியம் இல்லை. ஒரே அமைப்பைக் காலம் மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டே நகர வேண்டும். ரக்தியும் அப்படித்தான்: பாட்டே இல்லாமல், நாயனமும் தவிலும் ஒரு சொற்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டு ராகத்தை வளர்த்தபடி போகும். செம்பனார்கோயில் ராமசாமிப் பிள்ளை குடும்பம் இதற்குப் பேர்போனது. வாய்ப்பாட்டின் நிழலில் நில்லாத வாத்திய இசை இது. நீண்ட இரவும், திறந்த வீதியும், கொஞ்சம் நகர்ந்து அப்புறம் நின்றுவிடுகிற சாமியும் சேர்ந்து உருவாக்கிய திறமை.

இந்தத் திறமை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நாயனத்தில் ஸ்வரம் துளையில் மட்டும் இல்லை. சீவாளியை உதடு அழுத்துகிற அழுத்தத்திலும், விரல் பாதி மூடிப் பாதி திறப்பதிலும் இருக்கிறது. இம்மி பிசகினால் அபஸ்வரம். ஆகவே காதுக்குப் பக்கத்தில் சுருதி அறுபடாமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தருகிறவர் ஒத்துக்காரர். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு, மூக்கால் மூச்சிழுத்து, மணிக்கணக்கில் ஒரே ஸ்வரம். தவிலுக்குத் தாளக்காரர். இரண்டு தவிலும் ஒருவரையொருவர் மடக்கிக் கணக்கு வைத்துக் குறைத்துக்கொண்டே வரும்போது, கூட்டம் தலையாட்டித் தாளத்தைத் தவறவிடும். கைத்தாளம் போடுகிறவர் தவறவிடக் கூடாது. அவர் அரை மாத்திரை ஆடிப்போனால் இரண்டு வித்துவான்களின் கணக்கும் அந்தரத்தில் நிற்கும். அந்தக் கணக்கு முழுக்க அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அதைக் காட்டிக்கொள்ள முடியாது.

இவர்களுக்கு நம் மொழி கொடுத்திருக்கிற மரியாதையைப் பாருங்கள். 'ஒத்து ஊதுறான்', 'ஜால்ரா போடுறான்'. ஒரு இசைக்குழுவின் அஸ்திவாரம் வசைச்சொல்லாகிவிட்டது.

மேடைதான் இதைச் செய்தது என்று சொல்லிவிடலாமா? ஐரோப்பாவிலும் 1840இல் லண்டனில் ஃபிரான்ஸ் லிஸ்ட் 'ரிசைட்டல்' என்ற பெயரில் வாசித்தபோது, பலர் கலந்து வாசிக்கும் நிகழ்ச்சி ஒற்றை ஆளின் நிகழ்ச்சியாகச் சுருங்கியது. இங்கே ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) உயர்ந்த சுருதியுள்ள திமிரியை விட்டுப் பாரி நாயனத்துக்கு வந்தார். வாய்ப்பாட்டின் நிதானமும் குழைவும் நாயனத்தில் வந்தன. இசைத்தட்டு, வானொலி, சபா எல்லாம் அவரை ஏற்றன. 1940இல் 'காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார். ராகம் வளர்ந்தது, ரக்தி ஒதுங்கியது.

ஆனால் தெருவுக்காக ஏங்கி அழ என்னால் முடியவில்லை. அந்தத் தெருவில்தான் நாயனக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் உட்கார்ந்தே கேட்டார்கள். ராஜரத்தினம் கிராப் வைத்து, ஷெர்வானி போட்டு, சமமாக மேடையில் உட்காருவேன் என்றது வெறும் ஆணவமென்று சொல்கிறவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும். அவரைப் பற்றிச் சாதிப் போட்டியை மையமாக வைத்து யோஷிடாகா தெரடா 2000இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தைச் சரியாகவே தொட்டது. 'மேதை' என்ற பிம்பம் ஒரு சமூகத்துக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்திருக்கிறது.

அந்த நாற்காலி எத்தனை பேருக்கு என்பதில்தான் சிக்கல். தவில்காரர்கள் ஓரளவு தப்பித்தார்கள். 'ஸ்பெஷல் தவில்' என்று நோட்டீஸில் தனியாகப் போட்டு அழைக்கிற வழக்கம் வந்தது. வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளைக்காகவும் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்திக்காகவும் கூட்டம் கூடியது. ஒத்துக்காரர் இடத்துக்குச் சுருதிப்பெட்டி வந்தது, பிறகு மின்சாரப் பெட்டி. 'தில்லானா மோகனாம்பா'ளில் (1968) நாயனம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி என்று இன்றும் எல்லோரும் சொல்வார்கள். தாளம் தட்டியவரை யாரும் கேட்பதில்லை. இன்னும் கீழே போனால், அதே காவிரிக் கரையில் பறை அடிப்பவரின் கணக்கை 'லயம்' என்று ஒப்புக்கொள்ளவே நம் விமர்சகர்களுக்கு நாளாயிற்று. 'பெரிய' என்ற அடைமொழி யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது? சதிராட்டத்துக்குச் சின்ன மேளம் என்று பெயர். பறைக்கு அந்த வரிசையில் இடமே இல்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் நாயனக்காரர் பெயரும் தவில்காரர் பெயரும் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்கடுத்து ஒரே சொல்: 'குழுவினர்'.