ஓரத்துப் பற்களை எண்ணுங்கள்

தபால்தலை சேகரிக்கத் தொடங்குபவரிடம் முதலில் ஆல்பம் வாங்கச் சொல்வார்கள். ஏழெட்டுக் கலைச்சொற்களைப் பழகிவிட்டு ஆல்பம் வாங்குவதே நல்லது என்பேன். இந்தப் பொழுதுபோக்கில் ஒவ்வொரு சொல்லும் ஒரு சோதனை. ஒன்றுபோலவே தெரியும் இரண்டு தலைகளை வேறுபடுத்துவது அந்தச் சோதனைதான். பிரிட்டனின் ஒரு பென்னி சிவப்புத் தலையைப் பாருங்கள். 1840இல் வந்த பென்னி பிளாக்கைப் போலவே, 1841இல் வந்த இந்தச் சிவப்புக்கும் ஓரத்தில் துளைகள் இல்லை, கத்தரித்துத்தான் ஒட்டினார்கள். இத்தகையவை இம்பெர்ஃபரேட். 1854இல் துளையிட்ட தாள்கள் வந்தன. 2 செ.மீ. நீளத்தில் எத்தனை துளை என்பதே பெர்ஃபரேஷன் அளவு. முதலில் அது 16. துளைகள் நெருக்கமாக இருந்ததால் தாள்கள் எளிதில் பிய்ந்துபோயின. 1855இல் 14 ஆக்கினார்கள். அதே ஆண்டில் தாளில் இருந்த சிறிய கிரீட வாட்டர்மார்க்கும் (நீர்க்குறி) பெரிய கிரீடமானது. மாற்றம் நடந்த வேளையில் பழையதும் புதியதும் கலந்தே வெளியாயின. தலையில் இருக்கும் ராணியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் இந்த வேறுபாடு பிடிபடாது. அளவுகோல் அட்டையில் பற்களைப் பொருத்தவேண்டும். கறுப்புத் தட்டில் தலையைக் கவிழ்த்து வைத்து வாட்டர்மார்க்கைத் தேடவேண்டும்.

படத்தையும் நிறத்தையும் ரசிக்க இத்தனை சொற்கள் எதற்கு, குழந்தைகள் மிரண்டுவிட மாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. ரசிக்க ஒரு சொல்லும் வேண்டாம், உண்மைதான். ஆனால் தெரியாமல் செய்யும் சேதத்தைத் திருத்தவே முடியாது. மின்ட் என்றால் என்னவென்று அறியாதவர் பசையோடு இருக்கும் புதுத் தலையைத் தண்ணீரில் ஊறப்போடுவார். தலையை ஆல்பத்தில் பொருத்தும் சிறு ஒட்டுத்தாளான ஹிஞ்சை அறியாதவர் கோந்து தடவி ஒட்டுவார். 1854இல் கல்கத்தாவில் இரு வண்ணங்களில் அச்சான இந்திய நாலணாத் தலைக்கு எட்டுப் பக்கச் சட்டம். அழகாக இருக்குமென்று அந்தச் சட்டத்தை ஒட்டியே பலர் வெட்டிவிட்டார்கள். நான்கு புறமும் மார்ஜின், அதாவது சட்டத்துக்கு வெளியே வெற்று ஓரம், உள்ள தலையைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலைகிறார்கள்.

இவையெல்லாம் விலையை ஏற்ற வியாபாரிகள் சொல்லும் சொற்கள் என்ற சந்தேகமும் உண்டு. விலையோடு அவற்றுக்குத் தொடர்பு இருக்கிறது, மறுக்கவில்லை. அதனாலேயே வாங்குபவருக்கும் அவை தெரிந்திருக்கவேண்டும். 1948 ஆகஸ்ட் 15 அன்று வெளியான பத்து ரூபாய் காந்தி தலையில், கவர்னர் ஜெனரல் அலுவலகத்துக்காக நூறு தலைகளில் மட்டும் ‘சர்வீஸ்’ என்று ஓவர்பிரிண்ட் செய்தார்கள். சாதாரணப் பத்து ரூபாய்த் தலைமீது அந்த ஒரு சொல்லைப் போலியாக அச்சிட்டுவிட முடியும். ஓவர்பிரிண்ட் என்ன என்று அறிந்தவர், பணம் கொடுப்பதற்கு முன்பே நிபுணர் சான்றிதழைக் கேட்பார்.