ஆர்குட்டைப் பார்க்க வந்த அம்மா



பிள்ளைகள் செல்போனில் யாரோடு பேசுகிறார்களோ என்று பயப்படாத தாய் இப்போது இல்லை. எங்கள் வீட்டுக்கு அந்தப் பயம் 2007-லேயே வந்துவிட்டது. அப்போது கல்லூரிப் பிள்ளைகள் வாயில் முகநூல் இல்லை, "ஆர்குட்"தான்.

கூகுளில் வேலை பார்த்த துருக்கிக்காரர் ஒருவர் 2004 ஜனவரியில் தொடங்கியது அது. அவர் பெயரே ஆர்குட்தான். அடுத்த மாதம் அமெரிக்காவில் ஹார்வர்டு மாணவர்களுக்கு மட்டும் என்று முகநூல் தொடங்கியது. ஆனால் நம் நாட்டிலும் பிரேசிலிலும் ஆர்குட்டுக்குத்தான் முதலில் கூட்டம்.

நான் பத்தாவதோடு நின்றவள். தங்கை தஞ்சாவூரில் காலேஜ் படித்தாள். திருமானூரில் பஸ் ஏறி, கொள்ளிடம் பாலம் தாண்டி, திருவையாறு வழியாகத் தினமும் போய் வருவாள். பிரௌசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய். நாலு தோழிகள் ஆளுக்கு 5 ரூபாய் போட்டு ஒரே கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவார்களாம். தன் போட்டோ போடாமல் ரோஜாப்பூ படம் வைத்திருந்தாள். பெயர் மட்டும் சொந்தப் பெயர். அதில் 'ஸ்கிராப் புக்' என்று ஒரு பக்கம். மற்றவர்கள் நமக்கு எழுதுவதை அப்போது ஊரே படிக்கலாம். பூட்டி வைக்கும் வசதியெல்லாம் பிறகுதான் வந்தது.

உறவுக்காரர் ஒருவர் அப்பாவிடம் வந்து, "உங்க பொண்ணு பேரு கம்ப்யூட்டர்ல வருது. ஆம்பளப் பசங்கல்லாம் எழுதுறானுங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா ஒரே வார்த்தையில், "நாளையிலேர்ந்து காலேஜ் வேணாம்" என்றார். தங்கை அழுத அழுகை இருக்கிறதே!

அம்மா மட்டும், "என்ன எழுதியிருக்குன்னு பாக்காம எப்படிங்க நிறுத்துறது?" என்றார். மறுநாள் மூன்று பேரும் தஞ்சாவூர் போனோம். சென்டர்காரர் எங்களை விநோதமாகப் பார்த்தார். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. "நீ படிக்காத, அக்கா படிக்கட்டும்" என்று தங்கையைத் தள்ளி உட்கார வைத்தார். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிய தமிழ். எழுத்துக்கூட்டிப் படித்தேன். "ரெக்கார்டு நோட்டு கொண்டு வா", "பொங்கல் வாழ்த்து", "நேத்து ஏன் வரல?" இவ்வளவுதான். முன்பின் தெரியாத ஒருவன் மட்டும், "நண்பர்கள் ஆகலாமா?" என்று கேட்டிருந்தான். தங்கை பதிலே போடவில்லை.

"சரி, இதை அவரு எப்படிப் பாத்தாரு?" என்று கேட்டார் அம்மா. அப்போதுதான் தங்கை, யார் யார் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் இடத்தைக் காட்டினாள். அந்த உறவுக்காரரின் மகன் பெயர் அங்கே இருந்தது! அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மா எல்லாவற்றையும் சொல்ல, அப்பா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "பஸ் பாஸ் தேதி முடியப்போவுதே, புதுசு வாங்கிட்டியா?" என்று தங்கையிடம் கேட்டார். அவள் படித்து முடித்து இப்போது டீச்சராக இருக்கிறாள்.

2014 செப்டம்பர் 30-ல் ஆர்குட்டை மூடிவிட்டார்கள். தோழிகள் தன்னைப் பற்றி அதில் எழுதியதையெல்லாம் தங்கை அதற்கு முன்பே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டாள்.

என் மகள் இப்போது ஒன்பதாவது. அவள் செல்போனை எடுத்தால் பாட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "யாரு வந்து பாத்தாங்கன்னு இதுலயும் காட்டுமாடி?" என்று கேட்கிறார்.

— ஒரு வாசகி, திருமானூர்.