பெண்ணுக்கு எது கல்யாண வயசு? சட்டசபையில் கேட்ட டாக்டரம்மா!

"பொண்ணுக்குப் பதினாறு முடிஞ்சிருச்சு டாக்டர். நல்ல இடம் வருது, முடிச்சுடலாம்னு இருக்கோம். அதுக்குள்ள உடம்பு தேற ஒரு லேகியம் கொடுங்க..."

இப்படிக் கேட்கிற அம்மாக்களை இன்றைக்கும் பார்க்கிறேன். லேகியம் கொடுக்கலாம்; பசி எடுக்கும், உடம்பும் கொஞ்சம் தேறும். ஆனால் பதினாறைப் பதினெட்டாக்க எந்தச் சித்தரும் மருந்து எழுதி வைக்கவில்லையே!

இதே விஷயத்தை நூறு வருஷத்துக்கு முன்பே சட்டசபை வரை கொண்டுபோனவர் ஒருவர் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி!

டாக்டர் உறுப்பினரானார்

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிரசவ வார்டில் அவர் கண்ட பல துயரங்களுக்கு வேர் வீட்டிலும் வழக்கத்திலும் இருந்தது. சென்னை மாகாண சட்டசபைக்கு நியமிக்கப்பட்டு, 1927-ல் அதன் துணைத் தலைவரும் ஆனபோது, அந்த அனுபவத்தையும் கூடவே எடுத்துப் போனார்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி வேண்டும், தேவதாசி முறை ஒழிய வேண்டும் என்று வாதாடினார். 1928-ல், பெண்ணின் திருமண வயது 16, ஆணுக்கு 21 என்று உயர்த்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார்.

பெண் ருதுவாகும் முன்பே தாலி கட்டிவிட வேண்டும் என்று பல குடும்பங்கள் நம்பிய காலம் அது. 'மதத்தில் கை வைக்காதே' என்று எதிர்ப்பு கிளம்பியது. 1929-ல் மத்திய அரசின் சாரதா சட்டம் வந்தபோதும் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றுதான் முடிவானது. அது 18, 21 ஆக உயர 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது!

உடம்பு என்ன சொல்கிறது?

நான் சித்த வைத்தியன். அவர் ஆங்கில மருத்துவர். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் பேதமே கிடையாது. வயசுக்கு வந்துவிட்டாள் என்றால் பிள்ளை பெறத் தயார் என்று அர்த்தமில்லை. அதற்குப் பிறகும் இடுப்பெலும்பு வளர்கிறது. வளர்கிற பெண்ணின் வயிற்றில் இன்னொரு உயிரும் வளர்ந்தால், இருக்கிற சத்தைத் தாயும் சேயும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ரத்த அழுத்தக் கோளாறு, குறைப் பிரசவம், எடை குறைந்த குழந்தை... எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது.

போதாததற்கு ரத்தசோகை வேறு. நாங்கள் 'பாண்டு' என்போம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 நிறைவதற்குள் திருமணமானவர்கள், இந்தியாவில் 23.3 சதவிகிதம். தமிழ்நாட்டில் 12.8. 'நம்ம ஊர்ல இப்பல்லாம் யாரு செய்றா?' என்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

சட்டமும் சும்மா இல்லை. 18 வயதுக்குட்பட்ட மனைவியோடு உறவு கொள்வதும் குற்றமே என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது

* மகளின் நாக்கும் கண்ணின் உள் இமையும் வெளுத்திருக்கிறதா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா, பச்சரிசி, சாம்பல் தின்ன ஆசைப்படுகிறாளா என்று கவனியுங்கள். இருந்தால் உடனே ரத்தப் பரிசோதனை.

* முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை தினமும் ஏதாவது ஒன்று. கூடவே நெல்லிக்காய் சேர்த்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம்.

* பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். செந்தூரம் எதையும் வைத்தியர் சொல்லாமல் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள்.

* 18-க்குப் பிறகு கல்யாணம் ஆனாலும், 'விசேஷம் உண்டா?' என்று மூன்றாம் மாதமே துளைக்காதீர்கள். எப்போது தாயாவது என்பதை அவள் கணவனோடு பேசி முடிவு செய்யட்டும். சுமக்கப் போவது அவள் உடம்பு!

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு இந்த டாக்டரம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரை மறக்காமல் இருக்க ஒரு வழி உண்டு. உங்கள் தெருவில் சின்னப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால், முதலில் பெற்றவர்களிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் 1098-க்கு ஒரு போன் போடுங்கள். பந்தக்கால் நடுவதற்கு முன்பே போடுங்கள்!