கப்பல்காரர் வீட்டுப் பிள்ளைகள்

போன ஆண்டு பள்ளி விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பு, என் மகள் ஒரு தாளை நீட்டினாள். "அப்பா, நம்ம குடும்ப மரம் வரையணும். டீச்சர் கேட்டாங்க."

அவள் பெயர், என் பெயர், என் அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர் என்று மளமளவென எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. பாட்டியின் கட்டத்தில் 'ஆத்தா' என்றுதான் எழுத முடிந்தது. வீட்டில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஆத்தாவுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்பதையே அன்றைக்குத்தான் யோசித்தேன்.

தம்போயில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெருமை உண்டு. "நாம கப்பல்காரங்க வீட்டுப் பிள்ளைங்க" என்பார் பெரியப்பா. தாத்தாவின் அப்பா, அதாவது எங்கள் பூட்டனார், நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஓட்டியவராம். கல்யாண வீடு, துக்க வீடு எங்கே போனாலும் பெரியப்பா இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். அவருக்கு இப்போது 84 வயது. நேற்று பசியாறியது மறந்துவிடுகிறது. பூட்டனார் கதை மட்டும் மறக்கவில்லை. அதுவும் போய்விட்டால் எங்களுக்கு யார் சொல்வது? அந்தப் பயத்தில்தான் நான் தேடத் தொடங்கினேன்.

தகரப் பெட்டிக்குள் ஒரு புத்தகம்

பெரியப்பா யாரையும் தொடவிடாத தகரப் பெட்டி ஒன்று உண்டு. மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டதும், ஒருவழியாகத் திறந்தார். தாத்தாவின் பழைய அடையாள அட்டை, இரண்டு கல்யாணப் பத்திரிகைகள், அடியில் துணியில் சுற்றிய ஒரு சிறு புத்தகம். பூட்டனாரின் கப்பல் பணிப் புத்தகம் அது. கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகை. கப்பல் பெயர்கள் மை கரைந்து போயிருந்தன.

கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதவி என்ற இடத்தில் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வந்தது: 'டிரிம்மர்'. நீராவிக் கப்பலில் கிடங்கிலிருந்து நிலக்கரியை அள்ளி, உலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து கொட்டுகிற ஆள். கப்பலின் அடிவயிற்றில், வெக்கையிலும் கரித்தூளிலும் கிடக்கிற வேலை.

பெரியப்பாவிடம் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. முதலில் நிச்சயமாகத் தெரியட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

எழுதி வைத்த ஒரு குடும்பம்

கடல் கடந்து வந்த நம் குடும்பங்களில் முறையாக வம்சம் எழுதி வைத்தவர் யார் என்று தேடியபோது, கிடைத்தவர் முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று பள்ளிப் புத்தகத்தில் படித்தோமே, அவரேதான். 1843-இல் எழுதி முடித்து 1849-இல் அச்சான 'ஹிக்காயாட் அப்துல்லா'வில், தன் கதைக்கு முன்பே தன் முன்னோர் கதையைச் சொல்லிவிடுகிறார்.

அவருடைய கொள்ளுத்தாத்தா ஏமன் நாட்டு அரபியர். நாகூருக்கு வந்து அங்கேயே மணம் முடித்தார். நான்கு மகன்கள். அவர்களில் மூவர் ஜாவா பக்கம் போய்விட, ஒருவர் மலாக்காவுக்கு வந்து பெரியாச்சி என்ற பெண்ணை மணந்தார். அந்தப் பெரியாச்சியின் பேரன்தான் அப்துல்லா. பாட்டியின் பெயரை மறக்காமல் எழுதியிருக்கிறார் என்பதை இரண்டு முறை படித்தேன். என் மகளின் தாளில் 'ஆத்தா' என்று எழுதியது நினைவுக்கு வந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. சிறுவன் அப்துல்லாவை அவர் தந்தை இரண்டரை ஆண்டுகள் தமிழ் படிக்க அனுப்பினார். மலாக்கா நிறைய நம் வணிகர்கள். கணக்கு வழக்குக்குத் தமிழ் வேண்டியிருந்தது. அப்துல்லாவின் மகன் முகமது இப்ராகிம் முன்ஷி பிறகு நம் ஜொகூருக்கே வந்து, சுல்தான் அபு பக்கார் காலத்தில் அரசு அதிகாரியாக இருந்து, 1904-இல் காலமானார். ஏமன், நாகூர், மலாக்கா, ஜொகூர்! ஒருவர் எழுதி வைத்ததால் இந்தக் கோடு இன்றும் அறுபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்பாலம் கடந்து, சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் உள்ள நாகூர் தர்காவுக்குப் போனேன். 1828 முதல் 1830 வரை கட்டியது. இப்போது சுற்றிலும் உயர்ந்த கட்டடங்கள். அன்றைக்கு வாசலுக்கு எதிரே கடல். கரை சேர்ந்தவர்கள், உயிரோடு வந்து இறங்கியதற்கு நாகூர் ஆண்டவருக்கு நன்றி சொன்ன இடம். சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகு தள்ளியவர்களில் அந்தக் காலத்தில் நம்மவர்களே மிகுதி. 1025-இல் கடாரம் வென்ற ராஜேந்திர சோழனை நமக்குத் தெரியும். அந்தக் கப்பல்களில் துடுப்புப் போட்டவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா?

கீச்சாங்குப்பத்து அத்தை

தாத்தா இங்கே வந்தது 'ரஜூலா' கப்பலில். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலில் 1985-இல் தீப்பிடித்தது. அதோடு கப்பல் பயணக் காலம் முடிந்தது. நான் விமானத்தில் திருச்சிக்குப் போய், அங்கிருந்து நாகப்பட்டினம் போனேன்.

கையில் இருந்தது ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை மட்டும். அதில் கீச்சாங்குப்பம் என்று இருந்தது. 2004 ஆழிப்பேரலையில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கீச்சாங்குப்பம் பட்ட அடி சொல்லி மாளாது. எங்கள் பூர்வீக வீடு இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. காகிதம் எதுவும் மிஞ்சவில்லை.

ஆனால் தாத்தாவின் தம்பி மகள் இருந்தார். எனக்கு அத்தை முறை. 76 வயது. வாசலில் உட்கார வைத்து, முதலில் சோறு போட்டார். பிறகுதான் பேச்சு.

"பூட்டனார் கப்பல் ஓட்டினாராமே அத்தை?"

"ஓட்டினாரா? கரி அள்ளிப் போட்டாருப்பா. ஊருக்கு வந்தா மூணு நாளைக்கு அழுக்கு போவாதாம். எங்க அப்பாயிதான் சீயக்காய் போட்டுத் தேய்ச்சு விடுவாங்களாம். இருமி இருமித்தான் போய்ச் சேர்ந்தாரு."

அந்த அப்பாயியின் பெயரைக் கேட்டேன். சொன்னார். அவர் அம்மாவின் பெயரையும் சொன்னார். மகன் மலாயாவுக்குப் போன பிறகு, கப்பல் வருகிற நாளில் எல்லாம் அப்பாயி துறைமுகத்துக்குப் போய் நிற்பார்களாம். தாத்தா திரும்பிப் போகவே இல்லை. அதைச் சொன்னபோது அத்தையின் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பெரியப்பா சொன்ன பதில்

தம்போய் திரும்பியதும் நேராகப் பெரியப்பா வீட்டுக்குத்தான் போனேன். எழுபது ஆண்டுகளாகச் சொல்லிவந்த பெருமையை உடைப்பது சரியா என்று வழியெல்லாம் யோசனை. சொல்லாமல் விட்டால், என் மகள் தப்பாக எழுதுவாள். அவள் பிள்ளைகளும் அப்படியே எழுதுவார்கள். உள்ளதைச் சொன்னேன்.

வெகு நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஏன்டா, கரி போடாம கப்பல் ஓடுமா?" என்றார்.

மறுவாரமே மறந்துவிட்டு, பூட்டனார் கப்பல் ஓட்டிய கதையை மறுபடியும் தொடங்கினார். என் மகள்தான், "இல்லை தாத்தா, அவங்க கரி போட்டாங்க. அதனாலதான் கப்பல் ஓடிச்சு" என்றாள். "அதைத்தானே நானும் சொல்றேன்" என்று சிரித்தார்.

நீங்களும் தொடங்கலாம்

• வீட்டில் மூத்தவரிடம் இந்த வாரமே உட்காருங்கள். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள்.

• கல்யாணப் பத்திரிகை, பிறப்புப் பத்திரம், பழைய கடப்பிதழ் ஆகியவற்றை எறிந்துவிடாதீர்கள். ஊர்ப் பெயர் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும்.

• நம் பெயர்களை அன்றைய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒரே பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் தேடிப் பாருங்கள். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கத்தால் தலைமுறை குழம்பும். ஆண்டையும் சேர்த்துக் குறியுங்கள்.

• குலதெய்வக் கோயில் எந்த ஊரில் என்று கேளுங்கள். உறவுகள் அங்கே கிடைக்கலாம்.

• சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தமிழ் முரசும் அதில் உண்டு.

• பெண்களின் பெயர்களைக் கட்டாயம் கேளுங்கள். முதலில் மறந்துபோவது அவைதான்.

மகளின் தாளில் இப்போது ஐந்து தலைமுறை இருக்கிறது. 'ஆத்தா' என்று நான் எழுதிய கட்டத்தில், தாத்தாவின் பழைய கல்யாணப் பத்திரிகையில் இருந்த பெயரை எழுதினோம். பூட்டனார் பெயருக்குக் கீழே தொழில் என்ற இடத்தில், "கப்பலில் கரி அள்ளியவர்" என்று அவளே எழுதினாள். பக்கத்தில் ஒரு சின்னக் கப்பலும் வரைந்திருக்கிறாள், புகை நிறைய வருகிற மாதிரி.